மூத்த வீரரா, இளம் வீரரா? ஒரு ஹொக்கிக் கழகத்தின் வரவு செலவு

முப்பது வருடம் கடையில் நின்ற மூத்த ஊழியரை என்ன செய்வது, படிப்பு முடித்து வந்திருக்கும் இளைஞனிடம் எப்போது சாவியைக் கொடுப்பது என்ற கேள்வி நமது வியாபாரிகளுக்குப் புதிதல்ல. பெரும்பாலும் நாம் இதற்கு விடை தேடுவதில்லை, தள்ளிப் போடுகிறோம். கல்லாவுக்குப் பின்னால் நடப்பது என்பதால் இதில் என்ன லாபம், என்ன நட்டம் என்று எவரும் கணக்கெழுதி வைப்பதுமில்லை.

இதே கேள்விக்கு ஒவ்வொரு வருடமும் பகிரங்கமாக விடை எழுத வேண்டிய ஒரு தொழில் உலகில் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் விளையாடப்படும் ஐஸ் ஹொக்கிதான் அது. அங்கே ஒரு வீரருக்கு என்ன சம்பளம், எத்தனை வருட ஒப்பந்தம், அவர் அடித்த கோல்கள் எத்தனை என்பதெல்லாம் பத்திரிகையில் வந்துவிடும். முகாமையாளர் எடுத்த முடிவு சரியா பிழையா என்பதை ஐந்து வருடம் கழித்து எவரும் எண்ணிப் பார்க்கலாம். ஆகவேதான் நமக்குச் சம்பந்தமே இல்லாத இந்தப் பனிக்கட்டி விளையாட்டை இவ்வாரம் எடுத்துக்கொண்டேன்.

முதலில் இந்தத் தொழிலின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நேரத்தில் கோல் காப்பாளர் ஒருவரும் வீரர்கள் ஐவரும் பனித்தரையில் இருப்பார்கள். சறுக்கிக்கொண்டே ஓடுவதால் முக்கால் நிமிடத்தில் மூச்சு வாங்கிவிடும். உடனே அடுத்த குழு இறங்கும். இருபது வயதுக் கால்களுக்கும் முப்பத்தேழு வயதுக் கால்களுக்கும் உள்ள வித்தியாசம் இதில் ஒளிக்க முடியாதது. பதினெட்டு வயதுப் பையன்களைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிவு செய்யும் ஒரு நாள் வருடந்தோறும் உண்டு. முந்திய பருவத்தில் அடிமட்டத்தில் இருந்த கழகங்களுக்கு அதில் முன்னுரிமை, நன்றாக விளையாடிய கழகத்துக்குக் கடைசி இடம். ஒப்பந்தம் எழுதிவிட்டால் வீரர் மோசமாக விளையாடினாலும் சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். இடையில் கணக்குத் தீர்த்து அனுப்புவதென்றாலும் 26 வயதைத் தாண்டியவருக்கு மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்க வேண்டும். வருட இறுதியில் வெல்லப்படும் கிண்ணத்தின் பெயர் ஸ்டான்லி கிண்ணம்.

இனி விடயத்துக்கு வருவோம். டெட்ரொய்ட் நகரத்தின் ரெட் விங்ஸ் கழகத்தை 1982இல் 8 மில்லியன் டொலருக்கு வாங்கியவர் மைக் இலிட்ச் என்ற பீட்ஸா வியாபாரி. 1959இல் மனைவியுடன் சேர்ந்து ஒரே ஒரு கடையாக ஆரம்பித்து 'லிட்டில் சீசர்ஸ்' என்ற பெரிய வலையமைப்பாக வளர்த்தவர். அவர் வாங்கும்போது கழகம் கிண்ணம் வென்று இருபத்தேழு வருடங்கள் ஆகியிருந்தன. ஊரவர்கள் அதைச் 'செத்த விங்ஸ்' என்று கேலி செய்தார்கள். கூட்டம் சேர்ப்பதற்காக ஒவ்வொரு போட்டியிலும் ஒரு காரைப் பரிசாகக் கொடுத்துப் பார்த்தார் இலிட்ச். வியாபாரி மூளை அப்படித்தான் வேலை செய்யும். ஆனால் பரிசுக்கு வரும் வாடிக்கையாளர் பொருளுக்கு நிற்கமாட்டார் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும். ஜிம் டெவலானோ என்பவரை முகாமையாளராக நியமித்து, இளம் வீரர்களைத் தெரிவு செய்து அணியைக் கட்டும் வேலையை ஒப்படைத்தார்.

1983ஆம் ஆண்டுத் தெரிவில் டெட்ரொய்ட் நான்காவதாக எடுத்த பையன் ஸ்டீவ் ஐசர்மன். வயது 18. இருபத்தொரு வயதில், 1986இல், அவரையே அணித் தலைவராக்கினார்கள். அப்பதவியில் அவர் 2006 வரை இருந்தார். 1988-89 பருவத்தில் மட்டும் 65 கோல்கள் அடித்தார். ஆனால் கிண்ணம் வரவில்லை.

1989ஆம் ஆண்டுத் தெரிவுதான் கழகத்தின் தலைவிதியை மாற்றியது. மூன்றாம் சுற்றில் 53ஆவதாக சுவீடனைச் சேர்ந்த நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம், 74ஆவதாக சோவியத் நாட்டின் செர்கே ஃபெடரோவ், 221ஆவதாக விளாடிமிர் கொன்ஸ்டன்டினோவ். சோவியத் வீரர்களை அந்நாட்டு அரசாங்கம் வெளியே விடாது என்ற பயத்தில் மற்றக் கழகங்கள் அவர்களுக்காகத் தமது முறையை வீணாக்க விரும்பவில்லை. டெட்ரொய்ட் துணிந்தது. 1990இல் அமெரிக்கா வந்த சோவியத் அணியை விட்டு ஃபெடரோவ் விலகி டெட்ரொய்ட்டில் சேர்ந்துகொண்டார். பிற்காலத்தில் ஹோகன் அன்டர்சன் என்ற சுவீடன்காரர் ஐரோப்பாவில் ஆள் பார்த்துக் கொடுத்தார். 1998இல் 171ஆவதாக பாவெல் டட்ஸ்யுக், 1999இல் 210ஆவதாக ஹென்றிக் செட்டர்பேர்க். எல்லாருடைய கண்ணுக்கும் தப்பிய சரக்கு இது. முதல்தர ஏலத்தில் விலையேற்றி வாங்கியது அல்ல.

இளம் வீரர்கள் இருந்தும் கிண்ணம் வராததற்குக் காரணம் என்ன? இந்த இடத்தில்தான் மூத்தவர்கள் வருகிறார்கள். 1993இல் பயிற்றுவிப்பாளராக வந்த ஸ்கொட்டி போமன் முதலில் கை வைத்தது அணித் தலைவர் ஐசர்மனின் ஆட்டத்தில். கோல் அடிப்பதை மட்டும் பார்க்காமல் பின்னால் வந்து தடுப்பாட்டமும் ஆட வேண்டும் என்றார். 1995 காலப்பகுதியில் ஐசர்மனை ஒட்டாவா கழகத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சுக்கூட அடிபட்டது. ஐசர்மன் கழகத்தை விட்டுப் போகவில்லை, ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். அவருடைய கோல் எண்ணிக்கை குறைந்தது. 1997இல், 42 வருடங்களின் பின்னர், கிண்ணம் டெட்ரொய்ட்டுக்கு வந்தது. 1998இலும் வந்தது.

இதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். மூத்தவரை வைத்திருப்பது அல்லது அனுப்புவது என்று இரண்டே வழிதான் இருப்பதாக நாம் நினைக்கிறோம். மூன்றாவது ஒன்றும் உண்டு. ஆள் அவரே, வேலை வேறு. ஆனால் அதை அவரிடம் சொல்வதற்கு போமனைப் போல ஒருவர் வேண்டும். சொன்னதைக் கேட்பதற்கு ஐசர்மனைப் போல ஒருவர் வேண்டும். நமது கடைகளில் முதலாளி சொல்லத் தயங்குவார், மூத்தவர் சொன்னால் கோபிப்பார். விடயம் அத்துடன் நின்றுவிடும்.

அதே காலத்தில் டெட்ரொய்ட் வெளியிலிருந்தும் மூத்தவர்களை எடுத்தது. 1995இல் 36 வயது ஃபெட்டிசோவ், 34 வயது லரியோனோவ். இருவரும் சோவியத் ஹொக்கியின் பெரும் புள்ளிகள். ஃபெடரோவ், கொன்ஸ்டன்டினோவ், கொஸ்லோவ் ஆகிய இளையவர்களுடன் இவ்விருவரையும் ஒன்றாக இறக்கினார் போமன். இளையவர் மூவருக்கும் ஓட்டம் இருந்தது, பெரியவர் இருவருக்கும் எப்போது ஓடக்கூடாது என்பது தெரிந்திருந்தது.

1997இல் முகாமையாளரான கென் ஹொலண்ட் இந்த வழியில் இன்னும் தூரம் போனார். 1999இல் சிக்காகோ கழகத்திடமிருந்து 37 வயது கிறிஸ் செலியோஸை வாங்கினார். விலை ஓர் இளம் வீரரும் இரண்டு முதற்சுற்றுத் தெரிவு உரிமைகளும். 2001 கோடையில் 36 வயது கோல் காப்பாளர் டொமினிக் ஹாஷெக், 37 வயது பிரெட் ஹல், 35 வயது லூக் ரொபிட்டாய் மூவரையும் சேர்த்தார். முதியோர் இல்லம் என்று பலர் சிரித்தார்கள். 2002இல் அந்த அணியே கிண்ணம் வென்றது. அவ்வணியில் விளையாடிய பத்துப் பேர் பின்னர் ஹொக்கி மேன்மையாளர் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். பத்தாமவர் டட்ஸ்யுக், 2024இல்.

டட்ஸ்யுக் அந்தப் பருவத்தில் 23 வயதுப் புதுமுகம். அவரை எங்கே விளையாட விட்டார்கள் என்று பாருங்கள். பிரெட் ஹல் ஒரு பக்கம், இன்னோர் இளைஞரான பொய்ட் டெவரோ மறுபக்கம். 'இரண்டு பொடியன்களும் ஒரு கிழ ஆடும்' என்று அந்தக் குழுவுக்கு வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். பழையவரை வாங்கிய காசு அவர் அடித்த கோலுக்கு மட்டுமல்ல, அடுத்த பத்து வருடத்துக்கு அணியைச் சுமக்கப் போகிறவர் அவர் பக்கத்தில் நின்று பழகியதற்கும் சேர்த்துத்தான். நமது கணக்கப்பிள்ளைமார் இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவார்களோ தெரியாது.

இத்தனைக்கும் ஒரு வசதி இருந்தது. அப்போது சம்பளத்துக்கு எல்லை இல்லை. இலிட்ச் தனது பையைத் திறந்தால் போதும். 2004-05 பருவம் முழுவதும் சம்பளத் தகராறினால் இரத்தாகி, 2005இல் மீண்டும் ஆரம்பித்தபோது சட்டம் மாறியிருந்தது. ஒரு கழகம் வீரர்களுக்கு மொத்தமாக 39 மில்லியன் டொலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. பணக்காரக் கழகத்துக்கும் ஏழைக் கழகத்துக்கும் ஒரே உச்சவரம்பு. ஒரு மூத்தவருக்கு ஒரு மில்லியன் கூடக் கொடுத்தால் அது ஓர் இளையவரின் பங்கிலிருந்துதான் போகும். நமது கடைகளுக்குச் சட்டத்தில் இப்படி எல்லை இல்லை. என்றாலும் மாத முடிவில் சம்பளத்துக்கென்று ஒதுக்கக்கூடிய தொகைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை 2022இல் நாம் எல்லாரும் அனுபவித்தோம்.

எல்லை வந்தவுடன் டெட்ரொய்ட் செய்த முதற் காரியம் வேதனையானது. 1997இல் கிண்ணத்தை வென்றுகொடுத்த கோலை அடித்த டரன் மெக்கார்ட்டி உட்படச் சிலரைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். ஊரே நேசித்த மனிதர் அவர். ஆனால் கதவை மூடவில்லை. 2008இல் அவர் கீழ்மட்ட அணிகளில் விளையாடித் தன்னை நிரூபித்துத் திரும்பி வந்தபோது சிறு சம்பளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அவ்வருடம் கழகம் மறுபடி கிண்ணம் வென்றபோது மெக்கார்ட்டியும் அணியில் இருந்தார். அவ்வணியைச் சுமந்தவர்கள் டட்ஸ்யுக்கும் செட்டர்பேர்க்கும், தலைவர் லிட்ஸ்ட்ரோம். சிறந்த தடுப்பாட்ட வீரருக்கான விருதை ஏழு முறை பெற்ற லிட்ஸ்ட்ரோம், கடைசியாக அதை வாங்கும்போது வயது 41. கடைசிக் காலத்தில் அவர் வருடத்துக்கு வருடம் என்றே ஒப்பந்தம் எழுதினார். முடியும் வரை விளையாடி 2012 மே மாதம், 42 வயதில், தானாகவே விலகினார். அவருக்காகக் கழகம் ஒரு சதமும் வீணாகச் சுமக்கவில்லை.

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. பிறகு நடந்ததுதான் நமக்கு அதிகம் பயன்படக்கூடியது.

1991 முதல் 2016 வரை தொடர்ந்து 25 பருவங்கள் டெட்ரொய்ட் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. இந்தத் தொடர் பெருமையாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அதுவே சுமையாகவும் மாறியது. ஒவ்வொரு வருடமும் நல்ல இடத்தில் முடிப்பதால் தெரிவு நாளில் முறை பிந்தியே வரும். தொடரைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்தப் பிந்திய முறைகளையும் சில வேளை விற்று மூத்தவர்களை வாங்கினார்கள். ஐரோப்பாவில் அன்டர்சன் பார்த்த இடங்களை இப்போது எல்லாக் கழகங்களும் பார்க்கத் தொடங்கிவிட்டன. 171ஆம் இடத்தில் இன்னொரு டட்ஸ்யுக் கிடைக்கவில்லை.

இளையவர்களை அவசரப்பட்டு மேலே கொண்டுவராமல், கிராண்ட் ரப்பிட்ஸ் நகரிலுள்ள தமது இரண்டாம் அணியில் நன்றாகக் கனியவிட்டு எடுப்பது ஹொலண்டின் கொள்கை. பழுத்ததற்கு மேலும் ஒரு படி பழுக்கட்டும் என்பார்கள். மேலே லிட்ஸ்ட்ரோம் இருக்கும்போது அது நல்ல கொள்கை. மேலே இருப்பவர்கள் சாதாரணமானவர்களாகி, அவர்களது ஒப்பந்தம் மட்டும் நீளமாக இருந்தால், கீழே இருப்பவன் காத்திருந்தே வயதாகிவிடுவான்.

ஒப்பந்தங்களைப் பாருங்கள். 2015 நவம்பரில் ஜஸ்டின் அப்டெல்கேடர் என்ற 28 வயது வீரருக்கு ஏழு வருடத்துக்கு 29.75 மில்லியன் டொலர் எழுதினார்கள். அதற்கு முந்திய பருவத்தில் 23 கோல்கள் அடித்த, கடும் உழைப்பாளியான, அதே மாநிலத்துப் பிள்ளை. எவருக்கும் பிடிக்கும். 2018-19இல் அவர் அடித்தது 6 கோல்கள். அடுத்த பருவத்தில் 49 போட்டிகளில் ஒன்றுமில்லை. 2020இல் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். 2016இல் 32 வயது ஃபிரான்ஸ் நீல்சனுக்கு ஆறு வருடம், 31.5 மில்லியன். அவரையும் ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே அனுப்ப வேண்டி வந்தது. இவர்களில் எவரும் ஏமாற்றுக்காரர் அல்ல. கொடுத்த பேனையால் கையெழுத்து வைத்தார்கள், அவ்வளவுதான். பிழை எழுதியவருடையது. நேற்றுச் செய்த உழைப்பைப் பார்த்து நாளைய சம்பளத்தை எழுதினார்கள்.

டட்ஸ்யுக்கின் முடிவு இன்னும் படிப்பினையானது. 2013இல், 34 வயதில், மூன்று வருடம் நீடித்தார்கள்; வருடத்துக்கு 7.5 மில்லியன். 35 வயதைத் தொட்டபின் ஆரம்பிக்கும் அத்தகைய ஒப்பந்தத்துக்கு ஒரு விசேட விதி உண்டு. வீரர் இடையில் விலகினாலும் அந்தத் தொகை கழகத்தின் உச்சவரம்பிலிருந்து நீங்காது. 2016 கோடையில், ஒரு வருடம் மீதமிருக்க, அவர் ரஷ்யா திரும்பினார். விளையாடாத ஒருவருக்காக 7.5 மில்லியன் இடம் அடைபட்டு நின்றது. அந்தச் சுமையை அரிஸோனா கழகத்தின் தலையில் கட்டிவிடுவதற்காக டெட்ரொய்ட் தனது 16ஆவது தெரிவு உரிமையைக் கொடுத்து, 20ஆவதையும் 53ஆவதையும் வாங்கிக்கொண்டது. அரிஸோனா அந்த 16ஆவது இடத்தில் எடுத்தது ஜேக்கப் சிக்ரன் என்ற தடுப்பாட்டக்காரரை. அவர் நீண்ட காலம் நன்றாக விளையாடியிருக்கிறார். மூத்தவரின் கடைசி வருடத்துக்கான விலையை இளையவர் ஒருவரால் கட்டினார்கள் என்று இதைச் சொல்லலாம்.

சிக்காகோவிலும் இதே கதை. 2010, 2013, 2015 மூன்று முறை கிண்ணம் வென்ற கழகம் அது. 2013 வெற்றிக்குப் பின் பிரையன் பிக்கெல் என்பவருக்கு நான்கு வருடம், 16 மில்லியன் கொடுத்தார்கள். அவர் ஆட்டம் விழுந்தது. 2016இல் அந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ள கரோலினா கழகத்துக்குக் கூலியாகக் கொடுக்கப்பட்டவர் 21 வயது டெவோ டெராவைனன். அவர் கரோலினாவில் பெரிய வீரரானார். பிக்கெல் விழுந்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல. அதே வருட இறுதியில் அவருக்கு நரம்பு மண்டலத்தைத் தாக்கும் ஒரு நோய் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. வயதானவர் தளரும்போது காரணம் கேட்காமல் திட்டுகிற முதலாளிமார் இதையும் மனதில் வைக்க வேண்டும்.

இப்படியெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் எல்லாரையும் அனுப்பிவிட்டு இளைஞர்களிடம் கொடுத்துவிடுவோம் என்று ஒருவர் முடிவுக்கு வரலாம். அதையும் ஒரு கழகம் செய்து பார்த்திருக்கிறது. கனடாவின் எட்மன்டன் ஒயிலர்ஸ். 2006இல் இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம் வரை போன அணி. அந்தக் கோடையிலேயே முக்கிய தடுப்பாட்டக்காரர் வேறிடம் கேட்டுப் போனார். சில மாதங்களில் ஊரின் செல்லப்பிள்ளையான ரயன் ஸ்மித்தையும் விற்றார்கள். பிறகு அடிமட்டத்தில் கிடந்து 2010, 2011, 2012 என மூன்று வருடங்களும் தொடர்ச்சியாக முதலாவது தெரிவைப் பெற்றார்கள். டெய்லர் ஹோல், ரயன் நியூஜென்ட்-ஹொப்கின்ஸ், நைல் யாக்குபோவ். நாட்டிலேயே முதல் மாணவர்கள் மூவரை ஒரே கடையில் வேலைக்கு வைத்தது போல.

விளைவு? 2007 முதல் 2016 வரை பத்துப் பருவங்கள் இறுதிச் சுற்றையே காணவில்லை. பயிற்றுவிப்பாளர்கள் மாறி மாறி வந்தார்கள். பிள்ளைகளுக்கு வேலை காட்டிக் கொடுக்க, தோற்ற இரவில் உடுப்பு மாற்றும் அறையில் ஒரு வார்த்தை சொல்ல, தரமான மூத்தவர்கள் போதவில்லை. யாக்குபோவ் 2016இல் சொற்ப விலைக்குப் போனார். அதே வருடம் ஹோலையும் ஒரு தடுப்பாட்டக்காரருக்காக மாற்றினார்கள். 2018இல் அவர் வேறு கழகத்தில் பருவத்தின் பெறுமதிமிக்க வீரருக்கான விருதை வாங்கினார். சரக்கில் பிழை இருக்கவில்லை.

பிட்ஸ்பர்க் கழகத்தில் வேறு விதமாகச் செய்தார்கள். 2005இல் 18 வயது சிட்னி குரொஸ்பி வந்தபோது, கழகத்தின் உரிமையாளரும் அப்போதும் விளையாடிக்கொண்டிருந்தவருமான மரியோ லெமியூ அந்தப் பையனைத் தனது சொந்த வீட்டிலேயே தங்க வைத்தார். அந்த லெமியூ உரிமையாளரான விதமே வியாபாரிகள் அறிய வேண்டியது. கழகம் வங்குரோத்தானபோது அவருக்குக் கொடுக்க வேண்டிய சம்பள நிலுவை மில்லியன் கணக்கில் இருந்தது. அதைப் பங்காக மாற்றிக்கொண்டு 1999இல் கழகத்தையே எடுத்தார். கடன்காரர் பங்காளியான கதை. அதைப் பிறகொரு வாரம் பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்.

நமது பக்கத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பிடவை மொத்த வியாபாரத்தில், மகன் பொறுப்பெடுத்த முதல் வருடத்தில் பழைய விற்பனையாளரை அனுப்பிவிட்டார்கள். கம்பியூட்டர் தெரியாது, மெதுவாக வேலை செய்கிறார் என்பது காரணம். அக்கரைப்பற்றிலிருந்து புத்தளம் வரை கடனுக்குச் சரக்கெடுத்தவர்களில் யார் அறுவடை முடிய கட்டுவார், யார் பெருநாளைக்குப் பின் கட்டுவார், யாரிடம் நேரே போனால்தான் காசு வரும் என்பது அவர் தலையில்தான் இருந்தது. புத்தகத்தில் இருந்தது தொகை மட்டும். அந்த நிலுவையில் கணிசமானது இன்றும் நிலுவைதான். மாறாக, வாப்பா காலத்து ஆள் என்பதற்காகவே முகாமையாளர் கதிரையில் ஒருவரை வைத்திருந்து, கீழே இருந்த இரண்டு கெட்டிக்காரப் பொடியன்கள் கட்டாருக்குப் போய்விட்ட கடையும் எனக்குத் தெரியும்.

டெட்ரொய்ட்காரர்கள் பிந்திய காலத்தில் செய்ததும் இந்த இரண்டாவது வகைதான். நன்றிக் கடனை எதிர்காலப் பதவியாகவும் நீண்ட ஒப்பந்தமாகவும் கொடுத்தார்கள். நன்றிக் கடன் உண்மையானது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆனால் அந்தக் கடனை அடைக்க வேறு வழி இருக்கிறது, அதுவும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த ஊழியருக்கு, மாதச் சம்பளக்காரராயின், ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். கடைசியாக வாங்கிய சம்பளத்தில்தான் கணக்கு. 30 வருடம் உழைத்து 80,000 ரூபா சம்பளத்தில் விலகுபவருக்கு 12 இலட்சம் ரூபா. இதற்காக மாதாமாதம் ஒதுக்கி வைக்கும் கடைகள் எத்தனை? ஒதுக்காததினால்தான் பலர் மூத்தவரை அனுப்பவும் முடியாமல், சரியாக வைத்திருக்கவும் முடியாமல் தவிக்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 வீதத்தையும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதத்தையும் ஒழுங்காகக் கட்டாதவர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அது அமானிதத்தில் கை வைப்பது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியிருக்கிறது. சட்டம் வந்தபோது ஐம்பதுகளில் இருந்தவர்களுக்கு இடைக்கால ஏற்பாடுகள் உண்டு. ஆகவே 'வயதாகிவிட்டது' என்று சொல்லி 55இல் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில், ஒழுக்கக் குற்றம் இல்லாதபோது, அவரது எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். 60இன் பின்னரும் ஒருவர் தேவைப்பட்டால் பணிக்கொடையை முழுதாகக் கொடுத்து முடித்துவிட்டு, வருடத்துக்கு வருடம் புதிய கடிதத்தில், புதிய வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். நிலுவை அறவிடுவது, பொடியன்களுக்குச் சரக்குப் பார்க்கப் பழக்குவது போன்ற வேலைகள். எழுதும் முன் உங்கள் கணக்காளரிடமோ சட்டத்தரணியிடமோ காட்டிக்கொள்ளுங்கள்.

டெட்ரொய்ட் கதையின் மீதி இதுதான். 2017இல் தொடர் முறிந்தது. அதே வருடம் பெப்ரவரியில் மைக் இலிட்ச் காலமானார். 2019 ஏப்ரலில் கழகம் தனது பழைய தலைவர் ஐசர்மனையே முகாமையாளராகக் கூட்டி வந்தது. அவர் பொறுப்பெடுத்த முதல் பருவத்தில் 71 போட்டிகளில் வென்றது 17 மட்டுமே. கடைசி இடம். அப்படியும் சீட்டிழுப்பில் அதிர்ஷ்டம் இல்லாமல் நான்காவது தெரிவுதான் கிடைத்தது. 2025 வரை ஒன்பது பருவங்கள் தொடர்ச்சியாக இறுதிச் சுற்றுக்கு வரமுடியவில்லை. இருபத்தைந்து வருடக் கட்டடத்தைப் பழுதுபார்க்க அவ்வளவு காலம் போதவில்லை.

ஆனால் ஒப்பந்தம் எழுதும் முறை மாறியிருக்கிறது. 2019இல் ஆறாவதாகத் தெரிவான மொரிட்ஸ் சைடருக்கு 2024 செப்டெம்பரில் ஏழு வருடம், 59.85 மில்லியன். 2020இன் அந்த நான்காவது தெரிவான லூக்கஸ் ரேமன்டுக்கு அதே மாதத்தில் எட்டு வருடம், 64.6 மில்லியன். சைடருக்கு அப்போது வயது 23, ரேமன்டுக்கு 22. சிக்காகோவின் மூன்று கிண்ணங்களிலும் பங்குகொண்ட பட்ரிக் கேன், இடுப்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, 35 வயதில், 2023 நவம்பரில் டெட்ரொய்ட்டுக்கு வந்தார். அவருக்கு எழுதியது ஒரு வருடம், 2.75 மில்லியன். நன்றாக விளையாடினார். 2024இல் மீண்டும் ஒரு வருடம். 2025இல் இன்னும் ஒரு வருடம்.